கல்லோடை வெளுத்த கதை

மழைமுகில்கள் நீர் வார்த்து வார்த்து மெலிந்து, கொட்டித் தீர்ந்த பஞ்சுப் பொதிகளாய் மலைமுகட்டைக் கடந்து சென்றுகொண்டிருந்த ஒரு விடியற்பொழுதில், அம்மலையின் கீழ்ச்சரிவில் படிப்படியாய் இறங்கிக் கிடந்த ஊர், நீராடி எழுந்து கூந்தல் உலர்த்தும் பெண்போல ஆவி பறக்க விளங்கிற்று. ஓட்டுக் கூரைகளில் எஞ்சிய துளிகள் போகலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி உதிர்ந்தன. தெருவின் இருமருங்கும் இரவெல்லாம் இரைந்து ஓடிய வடிகால்கள் தொண்டை கட்டிய பாடகர்போல் முனகின. பணிக்குச் செல்வோர் சேற்றுக்கு அஞ்சி ஆடைநுனி தூக்கி நடந்தனர். அவ்வூரின் உச்சித் தெருவில், உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் காவல் நிற்க, பெருந்தோட்டம் சூழ அமைந்த பழைய மாடிவீடு ஒன்றின் முன்னே, கற்றறிந்த நண்பரே, நாமும் சற்று நிற்போம். ஏனெனில் நாம் காணவேண்டிய இருவர் அக்கதவைத் திறந்துகொண்டு இப்போதுதான் உள்ளே சென்றார்கள்.

அத்தோட்டத்தின் நடுவே நீரில்லாத ஓர் ஓடை இருந்தது. வீட்டின் பின்புறத்துப் பாறை இடுக்கில் பிறந்ததுபோல் தொடங்கி, புல்வெளியை இரண்டாய் வகுத்து, மாடிச் சாளரத்துக்கு நேர்கீழே ஒரு வளைவு வளைந்து, மதிலோரத்துப் புதரில் சென்று மறையும் அவ்வோடையில் நீருக்கு மாறாக வெண்கற்களே நிறைந்திருந்தன. முட்டையளவு கல்லும், தேங்காயளவு கல்லும், இருவர் சேர்ந்து புரட்டவேண்டிய குண்டுக்கல்லுமாய் அவற்றை ஒவ்வொன்றாய்த் தேர்ந்தெடுத்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டுத் தலைவர் தம் கையாலேயே பரப்பியிருந்தார். நிலவொளியில் அது மெய்யாகவே ஓடுவதுபோல் தோன்றும் என்று பார்த்தோர் சொல்வதுண்டு. இன்றோ, பாசி படர்ந்து கறுத்தும், இரும்புச் சத்து மிகுந்த கிணற்றுநீர் நாள்தோறும் தெளிக்கப்பட்டதால் துருவேறிச் சிவந்தும், அடுப்பினின்று வாரிக் கொட்டிய கரிபோலக் கிடந்தது அக்கல்லோடை.

உள்ளே சென்ற இருவரும் கணவனும் மனைவியும் ஆவர். தோட்டங்களில் அழகுக்காகப் பரப்பிய கற்கள் நிறம் மங்கினால் அவற்றைப் பழைய வண்ணத்துக்கு மீட்டுத் தருவது அவர்கள் தொழில். ஊரார் அவனைக் கல்துலக்கி என்று அழைத்தனர். அவளுக்குத் தனிப்பெயர் ஒன்றும் ஊரார் இடவில்லை. ஆயினும் அத்தொழிலின் மூளை அவளே என்பதை அவன் அறிவான். இரு கற்களை எடுத்து ஒன்றோடொன்று தட்டி, அவ்வோசையைக் கொண்டே இது பளிங்கு, இது வெங்கச்சங்கல் என்று பிரிப்பாள். கணீரென்று ஒலிப்பது வெங்கச்சங்கல். அது எதையும் தாங்கும். மொத்தென்று ஒலிப்பது பளிங்கு; துருவை அரித்தெடுக்கும் கடுங்காடியின் ஒரு துளி பட்டாலும் அது நுரைத்துப் பொங்கித் தோலுரிந்து போகும். பாசிக்கு வெளுப்புநீர், துருவுக்குக் கடுங்காடி. இரண்டும் கலந்தால் நச்சுப்புகை எழும் என்பதால், ஒன்றில் ஊறிய கல்லை ஏழுமுறை அலசி, ஒரு பகல் முழுதும் வெயிலில் உலர்த்திய பின்னரே மற்றொன்றைக் காட்டலாம் என்பது அவள் வகுத்த முறை. பன்னிரண்டு ஆண்டுகளாக அம்முறை ஒருநாளும் தவறியதில்லை. பிள்ளையில்லாத அவ்வில்லத்தில் பேச்சுக்குப் பொருளாய் இருந்தவையும் பெரும்பாலும் கற்களே.

அவர்களை வரவழைத்தவள் அவ்வீட்டுத் தலைவரின் ஒரே மகள், பள்ளி ஆசிரியை. தூக்கமிழந்து சிவந்த கண்களோடு படியிறங்கி வந்த அவள், மாடிச் சாளரத்தைக் கையால் காட்டினாள்.

"அப்பாவுக்கு டாக்டர் பத்து நாள்தான் சொல்லியிருக்காரு அண்ணா. தினமும் காலையில தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி வெளிய பாக்கறாரு. 'ஓடை ஏம்மா இப்படிக் கறுத்துப் போச்சு'ன்னு கேக்கறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

கல்துலக்கியின் நெஞ்சு இளகிற்று. அவன் இரக்கமுள்ளவன், அதோடு, தன் கைத்திறத்தைப் பிறர் வியக்கவேண்டும் என்னும் வேட்கையும் உள்ளவன். இவ்விரண்டும் ஓருள்ளத்தில் சேர்ந்து வாழ்ந்தால் வாக்குறுதிகள் எளிதில் பிறக்கும்.

"பத்து நாள் எதுக்கு டீச்சர்? எட்டே நாள்ல பால் மாதிரி ஆக்கிக் குடுத்துடறோம்."

ஓடைக்கரையில் குந்தி, ஒரு கல்லை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "எட்டு நாள்னு இவரு சொல்லிட்டாரு. கல்லு ஒத்துக்கணுமே," என்றாள்.

"பாத்தீங்களா டீச்சர், இவ கல்லோட பேசற நேரத்துல பாதியை என்கூட பேசியிருந்தா நான் எப்பவோ பெரிய ஆளாகியிருப்பேன்."

"கல்லு சொன்னா கேக்குது. அதான்," என்றாள் அவள்.

துயரம் குடிகொண்ட அவ்வீட்டில் பல நாள் கழித்து எழுந்த முதற்சிரிப்பு ஆசிரியையின் இதழோரத்தில் தோன்றி மறைந்தது.

பின்புறத்துக் கொட்டகை அவர்கள் பணியிடமாயிற்று. கற்களை வகைபிரித்து, கூடைகூடையாய்ச் சுமந்து, தொட்டிகளில் ஊறவைத்து, நார்த்தூரிகையால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, அலசி, உலர்த்தி, ஐந்து நாள்கள் ஓய்வின்றி உழைத்தனர். மழை முற்றும் விடாமையால் வெயில் கடன் கேட்டவன்போல் எட்டிப்பார்த்து ஒளிந்தது. கற்கள் உலர மறுத்தன. ஓடையின் தலைப்பகுதி மட்டும் வெளுத்து, கறுப்பங்கியின் தோளில் போட்ட வெண்துகில்போல் நின்றது. சாளரத்துக்கு நேர்கீழான வளைவோ இன்னும் வெற்றுப் பள்ளமாய்க் கிடந்தது. அதன் கற்கள் வெளுப்புநீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன.

ஆறாம் நாள் முற்பகலில் ஆசிரியை தலைவிரிகோலமாய்க் கொட்டகைக்கு ஓடிவந்தாள்.

"அண்ணா, அப்பா காலையிலேருந்து கண்ணே திறக்கல. நாளையைத் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒருவேளை சாயங்காலம் ஒரு தடவை முழிச்சுப் பாத்தாருன்னா... அந்த வளைவு மட்டுமாவது வெள்ளையா இருக்க முடியுமா?"

"முடியும் டீச்சர். நீங்க அவரு பக்கத்துல போய் இருங்க," என்றான் அவன்.

அவள் சென்றதும் மனைவி கணவனைப் பார்த்தாள். "எப்படி முடியும்? பாசி போயிருக்கு, துரு அப்படியே இருக்கு. இதை அலசிக் காய வைக்காம ஆசிட் பக்கம் கொண்டு போகக்கூடாது."

"அவ அழுதுட்டுப் போறாளே, பாக்கலையா நீ?"

"பாத்தேன். துருவோடவே அடுக்கிடலாம். சாகப்போற மனுஷன் தூரத்துலேருந்து பாக்கறதுக்கு அது போதும். நான் போய் வளைவுல மணலைப் பரப்பி வைக்கறேன், நீங்க கல்லை அலசி எடுத்துட்டு வாங்க." இரண்டடி நடந்தவள் திரும்பினாள். "இங்க பாருங்க, ரெண்டையும் சேத்துடாதீங்க. சத்தியமா."

அவன் தலையசைத்தான். ஆனால், துருவேறிய கல்லைத் தன் கைவேலை என்று அடுக்கிவைக்க அவன் செருக்கு இடந்தரவில்லை. மேலே ஓர் உயிர் பிரிந்துகொண்டிருக்கிறது. கீழே ஒரு மகள் இறைஞ்சிச் சென்றிருக்கிறாள். ஒருமுறைதானே, சிறிதளவுதானே, என்று உள்ளம் அவனுக்கு வழக்காடிற்று. தூறலுக்காகக் கொட்டகையின் படுதா மறைப்புகள் நான்கு புறமும் இறக்கிக் கட்டப்பட்டிருந்தன. தொட்டியின் வெளுப்புநீரைப் பாதி இறைத்துக் கொட்டியவன், மீதி இருக்க, கடுங்காடிக் குடுவையைத் திறந்து கற்களின்மேல் கவிழ்த்தான்.

நீர் சீறிற்று. மஞ்சளும் பச்சையும் கலந்த புகையொன்று தொட்டியின் விளிம்பைத் தாண்டி, உயிருள்ள பொருள்போல் தரையில் தவழ்ந்து, அவன் காலைச் சுற்றி எழுந்தது. மூச்சிழுத்த அவன் நெஞ்சுக்குள் நெருப்பை விழுங்கியவன் ஆனான். கண்கள் எரிந்து மூடின. கைக்கு அகப்பட்ட மறைப்பைக் கிழித்துக்கொண்டு பின்வழியாய்ப் புல்வெளியில் சென்று குப்புற விழுந்து இருமினான்.

வளைவில் மணல் பரப்பிக்கொண்டிருந்த மனைவிக்கு அந்நெடி எட்டிற்று. அவள் கொட்டகையின் முன்வழியாய் ஓடினாள். கணவன் வெளியேறியதை அவள் அறியாள். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறைப்பை விலக்கி, அப்புகைக்குள் அவள் நுழைந்தாள்.

"எங்க இருக்கீங்க? குரல் குடுங்க! எங்க இருக்கீங்க?"

பத்தடி தொலைவில் புல்லின்மேல் கிடந்த அவன் அக்குரலைக் கேட்டான். வாய் திறந்தான், இருமலன்றி ஒன்றும் வரவில்லை. அவன் விழுந்து கிடப்பான் என்று எண்ணி அவள் தரையெல்லாம் கையால் துழாவியதை, தொட்டிகள் நகரும் ஓசையாலும் கூடைகள் உருளும் ஓசையாலும் அவன் உணர்ந்தான். மூன்றாம் முறை அழைத்தபோது அக்குரல் கிழிந்திருந்தது. நான்காம் முறை அழைப்பு எழவில்லை. அன்று தன்னால் உண்மையாகவே கத்த முடியாமற் போயிற்றா, அன்றி அப்புகையின் பக்கம் மீண்டும் திரும்ப உடல் அஞ்சிற்றா என்பதை அவன் பின்னாளில் பலமுறை தன்னைத்தானே கேட்டுக்கொண்டான்.

ஒலி கேட்டு ஓடிவந்த ஆசிரியை வெளியிலிருந்தே மறைப்புகளை அறுத்தெறிந்து, காற்றுப் புகவிட்டு, நனைத்த போர்வையைப் போர்த்தி அவளை இழுத்தெடுத்தாள்.

மருத்துவமனையின் வெள்ளைச் சுவர்களுக்கிடையே, உயிர்வளி ஊட்டும் மூடி முகத்தை மறைக்க அவள் கிடந்தாள். கணவனின் நோவு மாலைக்குள் தணிந்துவிட்டது. மருத்துவர் வந்தார், கையில் எழுதுதாள். அருகே, தந்தையை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்து வந்த ஆசிரியை நின்றாள். கட்டிலின் கால்மாட்டில், செய்தி கேட்டு விரைந்து வந்த மனைவியின் தம்பி நின்றான். தச்சுத்தொழில் செய்பவன் அவன். தாயில்லாத தன்னை வளர்த்த தமக்கையே அவனுக்கு எல்லாம்.

"ரெண்டையும் கலந்தது யாரு?" என்று கேட்டார் மருத்துவர்.

மூன்று முகங்களும் அவனை நோக்கின. இனி எந்தத் தோட்டத்துக்கதவு தனக்குத் திறக்கும் என்னும் எண்ணம் மின்னலாய் வந்தது. அதனினும் பெரிதாய், தம்பியின் கண்களை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் நாணம் வந்தது. நா தானாகவே அசைந்தது.

"அவதான் டாக்டர். அவசரத்துல... தெரியாம கலந்துட்டா."

மூடிக்குமேல் அவள் விழிகள் மெல்லத் திறந்தன. அவற்றில் சினம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். வியப்புமட்டுமே இருந்தது, தட்டிப் பார்த்த கல் எதிர்பாராத ஓசை தந்ததுபோன்ற வியப்பு.

"அப்படியாம்மா?" என்று மருத்துவர் குனிந்து கேட்டார்.

அவள் கணவனைப் பார்த்தாள். பின்பு, ஆம் என்று தலையசைத்தாள். மருத்துவர் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை அம்மாடிவீட்டில் நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். வீட்டுத் தலைவர் கண் விழித்தார். கஞ்சி கேட்டார். மறுநாள் சாய்ந்து உட்கார்ந்தார். நாளையைத் தாண்டாது என்று மருத்துவர் வரையறுத்த அவ்வுயிர், மழையைக் கடந்து, பனியைக் கடந்து, வேனிலுக்குள்ளும் நடந்து சென்றது. எவருக்காக ஒருநாளைச் சேமிக்க அவன் துணிந்தானோ, அவர்க்கு நாள்கள் குறையவே இல்லை.

குறைந்தவை அவளுடைய நாள்களே. மூன்று கிழமைக்குப் பின் வீடு திரும்பியவளுக்குப் படுக்கையினின்று கதவுவரை நடப்பது மலையேற்றமாயிற்று. குரல் போய், உலர்ந்த சருகு உரசுவதுபோன்ற கிசுகிசுப்பே எஞ்சிற்று. அவன் சமைத்தான், துவைத்தான், முதுகைத் தாங்கி உட்காரவைத்தான். ஒரு நண்பகலில் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியவாறே, அதுவரை கேளாததைக் கேட்டான்.

"அன்னிக்கு ஏன் தலையாட்டின?"

மூச்சு மூச்சாய்த் துண்டித்து அவள் விடை சொன்னாள். "இல்லைன்னு சொன்னா... உங்களை எவன் கூப்பிடுவான்? எனக்கு இனிமே வேலை இல்ல. உங்களுக்கு இருக்கு."

அவன் அழுதான். அவள் கிண்ணத்தை அவன் கையினின்று வாங்கிக் கீழே வைத்தாள்.

"கஞ்சி சிந்துது பாருங்க... ஊரு என்ன வேணா நெனைச்சுக்கட்டும். ஆனா என் தம்பிகிட்ட மட்டும்... நிஜத்தைச் சொல்லிடுங்க. அவன் என்னைப் பாத்துதான் நிதானமா வேலை செய்யக் கத்துக்கிட்டவன். அக்கா அவசரப்பட்டான்னு அவன் நெனைக்கறது... எனக்கு என்னமோ பண்ணுது."

"சொல்றேன்," என்றான் அவன். நாளை என்றான், அடுத்த கிழமை என்றான். தம்பி வந்தபோதெல்லாம் தண்ணீர் கொண்டுவரும் பேரில் அடுக்களைக்குள் சென்று நின்றான். அவள் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. அடுக்களை வாயிலைமட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். நான்காம் திங்களில், அவன் வெந்நீர் சுடவைத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், அவள் மூச்சு நின்றது. நீர் கொதித்துத் தளும்பி அடுப்பை அணைக்கும்வரை அவன் அதனை அறியவில்லை.

அடக்கம் செய்து திரும்பும் வழியில் தம்பி அவன் கையைப் பற்றிக்கொண்டான்.

"மாமா, அக்கா எப்பவும் கவனமா இருக்கறவ. அன்னிக்கு மட்டும் எப்படியோ... உங்க உயிருக்கும் உலை வச்சிருப்பா. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

சொல்லவேண்டிய நேரம் அதுவே. சொற்கள் நாவின்மேல் நின்றன. சூழ நடந்த உறவினரைக் கண்டு அவை மீண்டும் தொண்டைக்குள் இறங்கிவிட்டன. "விடுப்பா," என்றான், அவ்வளவே. அவளை மன்னிக்கும் தகுதியையும் அவன் அன்று ஏற்றுக்கொண்டான்.

வேனில் பிறந்ததும், ஒருவரும் அழையாமலே அம்மாடிவீட்டுக்குச் சென்று எஞ்சிய பணியைத் தொடங்கினான். இம்முறை அவள் முறையே முறை. ஒவ்வொரு கல்லையும் தட்டிக் கேட்டான். அவள் செவி தனக்கு வாய்க்காமையால் ஒன்றை மூன்றுமுறை தட்டினான். பாசி நீக்கி, ஏழுமுறை அலசி, ஒரு முழுப்பகல் உலர்த்தி, பின்னரே துரு நீக்கினான். அவள் பதினைந்து நாளில் முடித்திருக்கக்கூடியது அவனுக்கு நாற்பது நாள் பிடித்தது. இறுதிக் கல்லை அமர்த்திய அன்று, தலையிலிருந்து கடைவரை ஒரே வெள்ளையாய், கண் கூசும்படி அவ்வோடை ஒளிர்ந்தது. அவனோ முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு வெற்றுக் கூடைகளை அடுக்கினான்.

வீட்டுத் தலைவரைச் சக்கர நாற்காலியில் கீழே கொண்டுவந்தார்கள். அவர் நெடுநேரம் நோக்கியிருந்தார், பொக்கைவாய் மலர்ந்தது.

"நல்லா இருக்குப்பா. அன்னிக்கே முடிஞ்சிருக்கும். உன் வீட்டுக்காரி கொஞ்சம் நிதானமா இருந்திருக்கலாம், பாவம்."

கல்துலக்கி நாற்காலியின் முன் மண்டியிட்டான். "ஐயா, அவ இல்லீங்க. கலந்தது நான். அவ வேண்டாம்னு சொல்லிட்டுப் போனா. நான்தான் கேக்கல. டாக்டர்கிட்ட நான் பொய் சொன்னேன்."

முதியவர் ஓடையினின்று கண்ணை எடுக்கவில்லை. அவர் செவி எப்போதோ மங்கியிருந்தது. ஆசிரியைதான் கேட்டாள். அவள் கண்கள் நிறைந்தன. ஆனால் அவற்றில் வெறுப்பில்லை.

"எழுந்திருங்க அண்ணா. செத்துப்போனவங்க மேல பழி நிக்கக்கூடாதுன்னு நீங்களே ஏத்துக்கறீங்க. எனக்குப் புரியுது. எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?"

"இல்ல டீச்சர், நிஜமாவே..."

"அவங்கதான் தலையாட்டி ஒத்துக்கிட்டாங்களே அண்ணா. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

அவன் அங்கிருந்து நேரே தச்சுப் பட்டறைக்கு நடந்தான். தம்பி இழைப்புளியை நிறுத்தி, மரச்சுருள்களைத் தட்டிவிட்டு எழுந்தான். பட்டறை நடுவே நின்றபடி கல்துலக்கி எல்லாவற்றையும் சொன்னான்: தொட்டியை, குடுவையை, அவள் தடுத்ததை, புல்வெளியில் தான் கிடந்ததை, உள்ளே அவள் அழைத்ததை, மருத்துவரிடம் சொன்ன பொய்யை, அவள் கேட்டுக்கொண்ட ஒன்றை. அடிப்பான், காறித் துப்புவான் என்று எதிர்பார்த்து, அதற்காகவே முகத்தை நிமிர்த்தி நின்றான். அவ்வடி ஒன்றே தனக்கு எஞ்சிய மருந்து என நம்பினான்.

தம்பி அவனைத் தழுவிக்கொண்டான்.

"மாமா, போதும். அக்கா போனதுலேருந்து நீங்க சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, என்னென்னமோ நெனைக்கறீங்க. ஆஸ்பத்திரியில நான் தனியா அவகிட்ட கேட்டேன், 'நீயாக்கா கலந்தே'ன்னு. ஆமான்னு கையைப் பிடிச்சு அழுத்தினா. எங்கக்கா வாழ்நாள்ல ஒரு பொய் சொன்னதில்ல மாமா. எங்கிட்டயா சொல்லுவா?"

கல்துலக்கி வாய் திறந்தான். அவள் பொய் சொன்னாள் என்று மெய்ப்பித்தாலன்றித் தன் மெய் நிலைபெறாது. அவளை மீட்க வந்தவன், அவளை மீண்டும் ஒருமுறை குற்றவாளியாக்கியே மீட்க வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டான். தம்பி ஒரு மணையை இழுத்துப்போட்டு அவனை அமர்த்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "இங்கயே இருந்துடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்," என்றான்.

அன்றுமுதல் அவ்வூரில் அவன் மதிப்பு உயர்ந்தது. மனைவியின் பிழையைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்ள முன்வந்த பெருந்தகை என்று தோட்டம் வைத்திருந்தோர் தம் மனைவியரிடம் பேசினர், அழைப்புகளும் பெருகின. ஒவ்வொரு பாராட்டின்போதும் அவன் மறுத்தான்; மறுப்பினை அடக்கம் என்று கொண்டு மேலும் பாராட்டினர். சில ஆண்டுகளில் மறுப்பதையும் விட்டான். பொய் சொல்ல ஒரு நொடி போதுமாயிருந்தது, நண்பரே; மெய்யைச் சொல்லவும் அவ்வாறே ஒரு நொடி, உரிய வேளையில், போதுமாயிருந்திருக்கும். அவ்வேளை கடந்தபின், நிதானமே உருவாய் வாழ்ந்த ஒருத்தி நிதானமிழந்தவள் என்னும் இரக்கத்தோடு எல்லார் நெஞ்சிலும் தங்கிவிட்டாள். அவள் யாரென அறிந்த ஒரே உயிராய் அவன் எஞ்சினான். அவன் சொல்லைக் கேட்டு நம்புவார் ஒருவரும் எஞ்சவில்லை.